ஆடாத தரை

பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் இசக்கிமுத்து உட்கார மாட்டான். மட்டாஞ்சேரியில் ஏறி, தோப்பும்படியில் இறங்கி வேறு பஸ் பிடித்து, பாலங்களைத் தாண்டி, இடப்பள்ளிக்குப் போகிற வழியில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரி வாசலில் இறங்குகிறவரை நின்றுகொண்டேதான் போவான். இழுத்து இழுத்து நடக்கிற இடது காலைப் பார்த்துவிட்டு யாராவது எழுந்து இடம் கொடுத்தால், "வேண்டா, இப்ப எறங்கணும்" என்பான். இறங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும். அவன் மனைவி வீரலட்சுமி அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

டிரைவர் பிரேக் போடுவான், திருப்பத்தில் சாய்த்து ஓட்டுவான். நல்ல கால் உள்ளவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். இசக்கிமுத்து கம்பியை இரண்டு விரலால் தொட்டபடி நிற்பான். வினையெல்லாம் இறங்கின பிறகுதான். நடைபாதையில் கால் பட்டதும் உடம்பு இடது பக்கம் சாய ஆரம்பிக்கும். வீரலட்சுமி தோளைக் கொண்டுவந்து அங்கே வைப்பாள்.

இருபத்தாறு வருஷம் அவன் படகில் லாஸ்கராக இருந்தவன். மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து வில்லிங்டன் தீவு, அங்கிருந்து எர்ணாகுளம், திரும்ப மட்டாஞ்சேரி. அரசாங்கப் படகு. தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முனிசிபாலிட்டி வேலைக்கு வந்தவர். அப்பாவும் அதே வேலை. இசக்கிமுத்துக்கும் அங்கே ஒரு விளக்குமாறு காத்திருந்தது. இன்று பெருக்கின தெருவை நாளைக்கும் அதே முனையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது அவனுக்குச் சகிக்கவில்லை. இருபத்திரண்டு வயதில் படகில் தற்காலிகமாகச் சேர்ந்தான். அப்பா ஒருநாள் கேட்டார். "நான் பெருக்குனா தெரு சுத்தமாவும். நீ நாள் பூரா எர்ணாகுளத்துக்கும் இங்கயும் போயிட்டுப் போயிட்டு வந்து என்னத்தடா செஞ்சே?" அவன் மறுநாள் காலை முதல் படகுக்குப் போய்விட்டான். விளக்குமாறு பிறகு மருமகளுக்கு வந்தது. வீரலட்சுமி இப்போது காலை ஐந்து மணிக்குப் போய்ப் பதினொரு மணிக்கு வருகிறாள்.

லாஸ்கரின் வேலை வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. படகை ஓட்டுகிறவர் ஸ்ராங்கு. அவர் மேலே நின்று சக்கரத்தைப் பிடிப்பார், மணிக்கயிற்றை இழுப்பார். மணி கேட்டுக் கீழே இஞ்சின்காரர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். படகு ஜெட்டியை ஒட்டும்போது லாஸ்கர் முதலில் கயிற்றோடு விளிம்பில் நிற்பான். கரையில் உள்ள இரும்புக் குற்றியில் கயிற்றை மாட்டி ஒரு சுற்று சுற்றுவான். பிறகு ஒரு காலை ஜெட்டியிலும் ஒரு காலைப் படகிலும் வைத்துக்கொண்டு கையை நீட்டுவான். ஆட்கள் அந்தக் கையைப் பிடித்தும் பிடிக்காமலும் இறங்குவார்கள், ஏறுவார்கள். ஒரு கால் ஏறி இறங்கும், ஒரு கால் அசையாமல் நிற்கும். அவன் நடுவில்.

2007 ஜூனில், நல்ல மழைநாளில், இரண்டாவது டிரிப் முடிந்து ஜெட்டிக்கு எதிரே சாயாக்கடையில் நின்றிருந்தான். கையிலிருந்த கிளாஸ் தரையில் கிடந்தது. பக்கத்தில் நின்றவன் தட்டிவிட்டான் என்று நினைத்துத் திட்டப் போனான். நாக்கு வரவில்லை. ஸ்ராங்கு ராஜப்பன்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்.

நாக்கு ஒரு மாதத்தில் வந்துவிட்டது. கை மூன்று மாதத்தில் வந்தது. இடது கால் மட்டும் வந்தும் வராமலும் நின்றது. லீவு மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. அதற்குள் படகுவேலைக்குத் தகுதி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் பழைய படகு. இல்லாவிட்டால் மெடிக்கல் போர்டு.

"போர்டு என்ன செய்யும்?" என்று ராஜப்பனிடம் கேட்டான்.

"சிலப்போ வீட்டுக்கு விடும். சிலப்போ கரையில ஒரு வேல குடுக்கும். டிக்கெட் கவுண்டர்."

"அங்க நிக்கணுமா?"

"எதுக்கு நிக்கணும்? ஸ்டூல் உண்டு."

அந்த ஸ்டூலை அவனுக்குத் தெரியும். கம்பிவலைக்குப் பின்னால், ஒரு ஆள் முழங்கை மடக்க முடியாத கூண்டுக்குள், சிவப்பு ரெக்ஸின் கிழிந்த ஸ்டூல். அதை நினைத்தால் அவனுக்கு மூச்சு முட்டியது.

வீட்டிலும் அதே கதைதான். ஒன்றரை அறை. வீரலட்சுமி வேலைக்குப் போனதும் எழுந்து நிற்பான். சுவரைப் பிடித்து வாசலுக்கு வருவான். குழாயடிவரை போவான். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து உடனே எழுவான். ஜெட்டியில் மணி கேட்கும்போது, வந்தது எந்தப் படகு, மணி அடிப்பது யார், புதிய லாஸ்கர் ஷாஜி கயிற்றை ஒரே எறியில் மாட்டினானா இரண்டாவது எறியா என்பதுவரை அவனுக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது எறி என்றால் இஞ்சின் இன்னொரு முறை முக்கும். அன்று முழுவதும் அவன் சாப்பிட மாட்டான்.

ஜனவரியில் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். பக்கவாதம் வந்தவர்கள் விழாமல் நிற்கப் பழகுவதற்கு ஒரு இயந்திரம் சோதனைக்கு வந்திருக்கிறது. பன்னிரண்டு பேர் வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள், பத்து வாரம்.

முதலில் பார்த்தால் அது தூக்குமேடை மாதிரி இருந்தது. மேலே இரும்புச் சட்டம். அதிலிருந்து தொங்கும் பட்டைகளை மார்போடும் தொடையோடும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். விழுந்தால் தரையில் படாமல் தொங்கலாம். காலுக்குக் கீழே அரைக் கட்டில் அளவில் ஒரு பலகை. பலகைக்கு அடியில் மோட்டார்கள். பலகை முன்னால் சாயும், பின்னால் சாயும், சொல்லாமல் பக்கவாட்டில் நழுவும். இடுப்புக்கு இரண்டு பக்கமும் பஞ்சு வைத்த இரண்டு இரும்புக் கைகள். ஆள் சாய்ந்தால் அவை தாங்கும். எவ்வளவு தாங்கினோம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லவும் செய்யும். ஆள் தானாக நிற்க நிற்க அந்தக் கைகள் விலகிக்கொள்ளும். எதிரே திரையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு புள்ளி.

"புள்ளிதான் நீங்கோ. வெளியில போகப்படாது" என்றாள் ஸ்நேஹா.

அவள்தான் பிசியோதெரபிஸ்ட். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், கொச்சியில் பிறந்தவள். இருபத்தைந்து வயது இருக்கும். இசக்கிமுத்துவின் பெயரைப் பார்த்ததும் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டாள். அவள் தமிழ் அவனுக்குக் கோயில் மணி அடிக்கிற மாதிரி இருந்தது. முதலில் அவன் மலையாளத்திலேயே பதில் சொன்னான்.

ஸ்விட்சைப் போட்டாள். பலகை மெதுவாக இடது பக்கம் இறங்கியது.

பஸ்ஸை விட்டால், ஏழு மாதத்தில் முதல் முறையாகக் காலுக்குக் கீழே ஏதோ அசைந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. "என்ன சிரிக்கறேள்?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல மோளே. இன்னும் கொஞ்சம் ஆட்டு" என்றான்.

முதல் நாள் இரும்புக் கைகள் நூற்றுக்கு அறுபத்திரண்டு பங்கு தாங்கின. மூன்றாம் வாரம் முப்பத்தைந்து. ஆறாம் வாரம் பதினேழு. மற்ற பதினொரு பேரும் ஐம்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் கிடந்தார்கள். ஸ்நேஹா அவன் கோட்டைக் காகிதத்தில் எடுத்துச் சுவரில் ஒட்டினாள். கோடு மலைச்சரிவு மாதிரி இறங்கியது. மற்ற நோயாளிகளைக் கூட்டிவந்து, "இந்தச் சேட்டனைப் பாருங்கோ" என்று காட்டினாள். எட்டாம் வாரம் எண் ஒன்பதுக்கு வந்தது. டாக்டர் வந்து பார்த்தார். "அடுத்த செவ்வாய்க்கிழம நான் எழுதித் தராம். படகில கேறிக்கோ" என்றார்.

வீரலட்சுமி அப்போது அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

விஷயம் இரண்டு பேருக்கும் தெரியும். அந்த வாரம் மட்டும் அவன் இரண்டு தடவை வீட்டில் விழுந்திருந்தான். ஒரு தடவை குழாயடியில். இன்னொரு தடவை நடு அறையில், சட்டை போடுவதற்காகக் கையைத் தூக்கினபோது. சிமெண்டுத் தரை. நனையவில்லை, மேடு பள்ளம் இல்லை. சும்மா நின்றுகொண்டிருந்தவன் வேரறுந்த மாதிரி சாய்ந்தான். முழங்கையில் தோல் உரிந்தது.

"டாக்டர்ட்ட சொல்லுங்க" என்றாள் வீரலட்சுமி, தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டே.

"என்னன்னு?"

"விழுறேன்னு."

"நான் தரையிலதான விழுறேன். படகு தரையா?"

"படகுல இருந்து எறங்க வேண்டாமா? ராத்திரியும் அங்கயே படுத்துக்குவீங்களோ?"

"நீ மிண்டாம சும்மா இரு."

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை ஓசைப்பட வைத்துவிட்டுப் போனாள்.

அவளிடமும் சொல்லாத இன்னொன்று இருந்தது. இரண்டாம் வாரத்திலேயே அவனுக்கு அந்த இயந்திரத்தின் பேச்சு பிடிபட்டுவிட்டது. பலகை இடது பக்கம் இறங்குவதற்கு முன்னால் அடியில் ஒரு மோட்டார் தொண்டையைச் செருமும். வலது பக்கம் என்றால் செருமல் கொஞ்சம் கீச்சென்று இருக்கும். முன்னால் நழுவப் போகிறதென்றால் இரண்டும் சேர்ந்து முனகும். ஒரு நொடிக்கும் குறைவுதான். அவனுக்கு அது தாராளம். பலகை அசையும்போது அவன் உடம்பு ஏற்கெனவே அங்கே போய்க் காத்திருக்கும். இதை ஏமாற்று என்று அவன் நினைக்கவில்லை. படகில் வேறு எப்படி நிற்பார்கள்? தூரத்தில் கப்பலை இழுக்கிற டக் போகிற சத்தம் கேட்டாலே அதன் அலை எப்போது வந்து படகை முட்டும் என்று கால் சொல்லும். அலை வந்த பிறகு காலை வைக்கிறவன் தண்ணீரில்தான் நிற்பான். காதால் நிற்பதுதான் அவனுக்குத் தெரிந்த நிலை. இயந்திரம் அசையும், அவன் நிற்பான். தரைக்குச் சத்தம் இல்லை. அது எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதன்மேல் நிற்க இடது கால் தானாக உழைக்க வேண்டும். அது மட்டும் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வீரலட்சுமி வேலைக்குப் போனதும் அவன் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சுவர் சுவராகப் பிடித்து ஜெட்டிக்கு வந்தான். செவ்வாய்க்கிழமை டாக்டர் கையெழுத்துப் போடுவதற்கு முன் படகிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

ராஜப்பன் மேலேயிருந்து பார்த்தார். "எந்தாடா முத்து, கல்யாணத்துக்கா போற?"

"சும்மா. எர்ணாகுளம் வரைக்கும்."

"உக்காரு."

"நிக்கேன் சேட்டா."

படகு ஜெட்டியை விட்டது. அவன் முன்பக்கத் தூணைப் பிடித்திருந்த கையை மெல்ல விட்டான். மழை இல்லை, காற்று சுமாராக இருந்தது. தீவைத் தாண்டி அகன்ற தண்ணீருக்கு வந்ததும் படகு ஆட ஆரம்பித்தது. அவன் நின்றான். முழங்கால் தளர்ந்து தளர்ந்து கொடுத்தது. ஒரு கப்பல் விலகிப்போன அலை வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் பெஞ்சைப் பிடித்தார்கள். அவன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான். ஷாஜி, முப்பது வயசுப் பையன், பார்த்துக்கொண்டே இருந்தான். "சேட்டன் வந்தா எனக்கு வேற படகு தேடணும்" என்றான்.

"தேடிக்கோ" என்றான் இசக்கிமுத்து.

எர்ணாகுளம் ஜெட்டி நெருங்கியது. ஆட்கள் எழுந்து முன்னால் வந்து நெருக்கினார்கள். மணி அடித்தது. இஞ்சின் இறங்கியது.

"கயிறத் தா."

ஷாஜி மேலே ராஜப்பனைப் பார்த்தான். அவர் சக்கரத்தில் இருந்தார், பார்க்கவில்லை. ஷாஜி கயிற்றைக் கொடுத்தான்.

எறிந்தான். வளையம் குற்றியில் போய் அப்பிக்கொண்டது. ஒரே எறி. ஒரு சுற்று போட்டு இழுத்தான். படகு ஜெட்டியில் உராய்ந்து நின்றது. வலது காலைத் தூக்கி ஜெட்டியில் வைத்தான்.

கான்கிரீட் அசையவில்லை. அது எழும்பி வரும் என்று அவன் முழங்கால் தளர்ந்து காத்திருந்தது. வரவில்லை. படகு ஒரு சாண் விலகியது. படகில் இருந்த இடது காலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் பின்பக்கமாக, படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் இருந்த இடைவெளியை நோக்கிச் சாய்ந்தான்.

ஷாஜி இரண்டு கையாலும் அவன் சட்டையையும் பெல்ட்டையும் பிடித்தான். அந்த நேரத்தில் அவனுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண், ஏழெட்டு வயது, இறங்குவதற்காகக் காலை நீட்டியிருந்தாள். லாஸ்கரின் கை நீண்டிருக்க வேண்டிய இடத்தில் கை இல்லை. அவள் அம்மா தலைமுடியைப் பிடித்து உள்ளே இழுத்தாள். ஒரு செருப்பு மட்டும் இடைவெளியில் விழுந்தது. படகு மறுபடி ஜெட்டியில் முட்டியது. செருப்பு நடுவில் அகப்பட்டு, இரண்டாக மடிந்து, தண்ணீருக்குள் போனது.

குழந்தை அழவில்லை. ஒற்றைச் செருப்போடு ஜெட்டியில் நின்று தண்ணீரைப் பார்த்தாள். அம்மாதான் திட்டினாள். இன்னார் என்று தெரியாமல் எல்லோரையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனாள்.

ஆட்கள் இறங்கின பிறகு ராஜப்பன் கீழே வந்தார். அவர் குரல் உயரவில்லை.

"நல்லா நின்னே. நான் மேல இருந்து பாத்தேன்."

இசக்கிமுத்து சட்டையை இழுத்துச் சரிசெய்தான்.

"படகில நிக்கதுக்கு டிக்கெட் எடுத்தவன் எல்லாம் நிக்கான்டா. பின்ன லாஸ்கர் எதுக்கு?"

திரும்பி வரும்போது அவன் உட்கார்ந்தான். கால் துடித்துக்கொண்டே இருந்தது. தீவு வருவதற்குள் நான்கு முறை எழுந்துவிட்டான்.

திங்கட்கிழமை முழுவதும் அவன் வீட்டுக்குள் நடந்தான். வீரலட்சுமி அவன் சட்டையை எடுத்துப் பார்த்தாள். பித்தான்கள் தெறிக்கிற அளவுக்கு யாரோ பின்னாலிருந்து இழுத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. பித்தான்களைத் தைத்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் ஸ்நேஹா பட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் மேஜையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்துவிட்டார்.

"மோளே, ஒரு காரியம்" என்றான் இசக்கிமுத்து. "இந்த மெஷின் எந்தப் பக்கம் சாயும்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

"எப்படி?"

"அது சொல்லும். மோட்டார்."

அவள் கை நின்றது. "இத்தனை நாளா?"

"ரெண்டாவது ஆழ்ச்சையில இருந்து."

"ரெண்டாம் வாரத்துலேர்ந்தா? என்னை ஏமாத்திண்டா இருந்தேள்?"

"ஏமாத்தல. கேட்டேன். வீட்ல விழுறேன். போன ஆழ்ச்ச ரெண்டு. ஞாயித்துக்கெழம ஜெட்டியில ஒண்ணு."

"ரெண்டில்ல மேடம், வீட்லயே மூணு" என்றாள் வாசலில் நின்ற வீரலட்சுமி. "ஒண்ணு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டு இருக்காரு."

ஸ்நேஹா சுவரில் ஒட்டியிருந்த கோட்டைப் பார்த்தாள். அந்தக் கோட்டின் நகல் வேறு ஊர் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போயிருந்தது. அவள் முகம் சிவந்தது. பிறகு தன் பையிலிருந்து பாட்டுக் கேட்கிற ஹெட்போனை எடுத்தாள். அவன் காதுகளில் பஞ்சை அடைத்து, அதன்மேல் ஹெட்போனை மாட்டி, ஏதோ பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டு, இயந்திரத்தைப் போட்டாள்.

பலகை எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. புள்ளி வட்டத்தை விட்டு வெளியே ஓடியது, உள்ளே வந்தது, மறுபடி ஓடியது. இரும்புக் கைகள் அவனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாங்கி வாங்கிக் கொடுத்தன. ஐந்து நிமிஷத்தில் நிறுத்தினாள். நாற்பத்தொன்று.

"அவாளை மாதிரிதான் நீங்களும்" என்றாள், மற்ற பதினொரு பேரைச் சொல்கிறாள். கோபம் கொஞ்சம் குறைந்திருந்தது.

டாக்டர் பேனாவை மூடவில்லை. "நான் எழுதணோ வேண்டயோ? எழுதலேன்னா போர்டுக்குப் போகும்."

"எழுத வேண்டா டாக்டரே."

"கரையில இருத்தும், கேட்டோ."

இசக்கிமுத்துவுக்கு அந்தச் சிவப்பு ஸ்டூல் கண்ணில் வந்தது. "இருத்தட்டே" என்றான். "லீவு முடிய இன்னும் இருபது நாள் இருக்கில்ல."

டாக்டர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஸ்நேஹா பட்டைகளை அவிழ்க்க வந்தாள்.

"அவுக்காத. மெஷின ஓஃப் பண்ணு. ஓஃப் பண்ணிட்டு என்ன இதுமேல நிறுத்து."

"ஆஃப் பண்ணினா அது வெறும் பலகைதானே?"

"அதான் வேணும். அசையாததுல நிக்கத்தான் எனக்குத் தெரியல."

அவள் இரும்புக் கைகளை இரண்டு விரல் தூரத்துக்கு விலக்கி வைத்தாள். ஸ்விட்சை அணைத்தாள். அடியில் இருந்த எல்லாச் சத்தமும் நின்றது. பலகை செத்துக் கிடந்தது.

"வலது காலை லேசாத் தூக்குங்கோ. எடை முழுக்க இடது கால்ல."

தூக்கினான். அவள் எண்ண ஆரம்பித்தாள். மூன்றில் அவன் கண் மேலே போய் எதையோ தேடியது. சீலிங் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்நேஹா எண்ணிக்கொண்டே போய் அதையும் நிறுத்தினாள். ஐந்து. ஆறு. கெண்டைக்காலுக்குள் ஏதோ ஒன்று, எலி மாதிரி, ஓடித் துடித்தது. இத்தனை நாள் அங்கே ஒன்றும் இருந்ததில்லை. ஏழில் சாய்ந்தான். பட்டை பிடித்தது.

"இன்னொரு தடவ" என்றான்.

"கொஞ்சம் பொறுங்கோ."

"பொறுக்க நேரமில்ல மோளே."

பட்டையில் தொங்கியபடி அவன் லேசாக ஆடிக்கொண்டிருந்தான். முன்னும் பின்னும். அந்த ஆட்டம் சுகமாக இருந்தது. ஸ்நேஹா அவன் தோளைப் பிடித்து அதை நிறுத்தினாள்.